பன்றியைத் தொடாத வீட்டுக்கும் வந்த புழு

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

நாம் நீர்வேலிப் பக்கம் படிப்பிக்க வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரு நாள் மூன்றாம் பாடவேளை. கரும்பலகையில் பின்னம் எழுதிக்கொண்டிருந்தோம். பின்னால் வாங்கு சரியும் சத்தம். திரும்பினால் ஒரு மாணவி நிலத்தில். கை கால் இழுக்கிறது, வாயில் நுரை. யாரோ ஓடிப்போய்த் திறப்புக்கோர்வையைக் கொண்டுவந்து அவள் கைக்குள் திணித்தார்கள். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு வந்த கதைகள் அடங்கவில்லை.

ஒருவர் காத்துக்கறுப்பு என்றார். இன்னொருவர் பரம்பரை என்றார். கைபேசியில் எதையோ வாசித்த ஒருவர், "பன்றி இறைச்சி தின்னுற ஆக்களுக்குத்தான் மூளைக்குள்ள புழு போய் வலிப்பு வருமாம்" என்றார். இந்தக் கதை சுற்றிச் சுற்றிப் பிள்ளையின் தகப்பனின் காதுக்கும் போய்விட்டது. அவர் வந்து எம்மிடம் கேட்டார்: "சேர், நாங்கள் சுத்த சைவம். வீட்டிலை முட்டைகூட இல்லை. பேந்தெப்பிடிச் சேர்?"

அன்று பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னபோது எமது மாமி சொன்னார்: "எங்களுக்கு அந்த வருத்தம் வராது. நாங்கதான் ஹராத்தைத் தொடுறதே இல்லையே."

ஒருவர் சைவம், ஒருவர் இஸ்லாம். இருவரும் பிடித்திருந்தது ஒரே கேடயம். அந்தக் கேடயம் எவ்வளவு தூரம் காக்கும் என்று தேடப் போனபோது கிடைத்த வரலாறுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்தது புழுவால் அல்ல. வைத்தியர்கள் ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். இலங்கையில் இந்தப் புழு வருத்தம் அரிதாகவே பதிவாகியிருக்கிறது. ஆனால் பிழையான விளக்கம் அரிது அல்ல. அது ஒரு வீட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியும்விட்டது. அதனால்தான் எழுதுகிறோம்.

*

புழுவின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்.

பன்றியின் தசையில் நெல்மணி அளவில், சிலவேளை கடலை அளவில், நீர்ப்பைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நாடாப்புழுவின் தலை. அந்த இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்பவரின் குடலில் அந்தத் தலை ஒட்டிக்கொண்டு, சில மீற்றர் நீளமான நாடாப்புழுவாக வளரும். அவருக்குப் பெரும்பாலும் பெரிய வருத்தம் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது பாதைதான் முக்கியம். அந்த மனிதரின் மலத்தோடு புழுவின் முட்டைகள் வெளியேறும். ஒரு துண்டத்துக்குள் மட்டும் பல்லாயிரக்கணக்கில் முட்டைகள் இருக்கும். முட்டை பன்றியின் வயிற்றுக்குள் போனால் பன்றியின் தசையில் நீர்ப்பை வரும். அதே முட்டை தண்ணீராலோ, பச்சை இலைக்கறியாலோ, கழுவாத கையாலோ மனிதரின் வாய்க்குள் போனால், அந்த மனிதரின் தசையிலும் கண்ணிலும் மூளையிலும் நீர்ப்பை வரும்.

அதாவது, பன்றி இறைச்சி உண்பதால் வருவது குடலில் புழு. மூளைக்குள் நீர்ப்பை வருவது மனித மலத்திலிருந்து வந்த முட்டையால். இந்த ஒரு வித்தியாசம் விளங்கினால் மாமிக்கும் அந்தத் தகப்பனுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இந்த வித்தியாசத்தை உலகம் இலகுவில் கண்டுபிடிக்கவில்லை. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பன்றியின் நீர்ப்பையும் மனிதரின் நாடாப்புழுவும் இரண்டு வேறு உயிர்கள் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 1855 இல் ஜேர்மனியைச் சேர்ந்த வைத்தியர் கூஷென்மைஸ்டர், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதியின் உணவில் அவருக்குத் தெரியாமல் அந்த நீர்ப்பைகளைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பின் குடலை வெட்டிப் பார்த்தபோது இளம் நாடாப்புழுக்கள் ஒட்டியிருந்தன. உண்மை வெளிவந்தது. ஆனால் அது வந்த வழி இன்று எந்த ஒழுக்க நெறியும் ஏற்காத வழி. அறிவியலின் வரலாற்றைப் படிப்பிக்கும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்று நினைக்கிறோம்.

*

எமது பிரதேசத்துக்குக் கிட்ட வருவோம்.

1888 இல் மதராசைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் வலிப்பால் இறந்ததையும், அவர் மூளையில் இந்த நீர்ப்பைகள் காணப்பட்டதையும் மருத்துவப் பதிவுகள் சொல்கின்றன. பெயர் இல்லை. "கூலி" என்ற சொல் மட்டும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படியான ஒருவரின் மரணம் யாருடைய கொள்கையையும் மாற்றவில்லை.

வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வந்தபோதுதான் கதை மாறியது. இந்தியாவில் சேவை செய்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய படையினர் பலருக்குச் சில வருடங்களின் பின் வலிப்பு தொடங்கியது. முன்பு வலிப்பே இல்லாதவர்கள், குடும்பத்திலும் இல்லாதவர்கள். காரணம் தெரியாத வலிப்பு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். 1930 களில் இராணுவ வைத்தியர் வில்லியம் மக்ஆர்தர் இதை விடாமல் துருவினார். தோலுக்குக் கீழே சிறு கட்டிகளைத் தடவிப் பார்த்தார்; எடுத்துச் சோதித்தார். உள்ளே இதே புழு. 1961 இல் டிக்சன், லிப்ஸ்கம் என்ற இரு வைத்தியர்கள் இப்படியான 450 நோயாளிகளின் விபரங்களை ஒன்றாகத் தொகுத்து வெளியிட்டார்கள். தொற்று ஏற்பட்டதற்கும் முதல் வலிப்புக்கும் இடையில் சராசரியாக ஐந்து வருடங்கள் என்று அவர்கள் கணித்தார்கள். சிலருக்கு அதைவிடப் பல வருடங்கள்.

ஏன் இத்தனை வருடத் தாமதம்? இந்தக் கேள்விதான் எம்மை அன்டிஜன் கதைக்குக் கொண்டுபோனது.

*

கொரோனா காலத்தில் "அன்டிஜன் எடுத்தாச்சோ?" என்று கேட்காத வாய் யாழ்ப்பாணத்தில் இல்லை. பாடப்புத்தகத்தில் இதைப் பிறபொருளெதிரியாக்கி என்பார்கள். இங்கே அன்டிஜன் என்றே எழுதுகிறோம். உடலுக்குள் வந்த அந்நியப் பொருளின் அடையாள அட்டை என்று வையுங்கள். அந்த அட்டையைப் பார்த்து உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள்தான் அன்டிபொடி.

நாடாப்புழுக்களின் அடையாள அட்டையை முதலில் சோதனைக்குப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் கசோனி என்ற இத்தாலிய வைத்தியர். காலம் 1911 ஐ ஒட்டியது. ஆடு வளர்ப்போரிடம் இன்னொரு நாடாப்புழு பெரும் தொல்லையாக இருந்தது. அது நாயின் குடலில் வாழ்வது. அதன் முட்டை மனிதருக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் பெரிய நீர்க்கட்டிகள் வரும். கசோனி அந்தக் கட்டியின் நீரை எடுத்து, நோயாளியின் தோலில் சிறு துளி ஏற்றினார். உள்ளே புழு இருப்பவருக்கு அந்த இடம் சில நிமிடங்களில் தடித்துச் சிவந்தது. பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் நோயே இல்லாத பலருக்கும் தோல் தடித்தது. கட்டி நீர் முழுவதையும் கலவையாகப் பயன்படுத்தினால் அப்படித்தான் வரும். ஒரே ஊரவர் எல்லோரையும் ஒரே ஆள் என்று சொல்வது மாதிரி. புழுவுக்கே உரிய தனி அட்டையைப் பிரித்தெடுக்கவேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது.

பன்றி நாடாப்புழுவுக்கு அந்த வேலை 1989 இல் கைகூடியது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தில் விக்டர் சாங் என்பவரும் சகாக்களும் நீர்ப்பையிலிருந்து ஏழு வகைச் சர்க்கரைப் புரதங்களைப் பிரித்தெடுத்தார்கள். இவற்றைப் பிரிக்க அவர்கள் பயன்படுத்தியது பருப்பிலிருந்து எடுத்த ஒரு புரதம். எமது வீடுகளில் சோற்றோடு வரும் அதே பருப்பினம்தான். பருப்புப் புரதம் அந்தச் சர்க்கரைகளைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை கழுவுப்பட்டுப் போகும். பிறகு நோயாளியின் இரத்தத்தை அந்த ஏழு கோடுகளின் மேல் விட்டுப் பார்த்தால், அன்டிபொடி இருந்தால் கோடு தெரியும். பல நீர்ப்பைகள் உள்ளவர்களில் இந்தச் சோதனை மிகச் சரியாக வேலை செய்தது.

ஆனால் மூளையில் ஒரே ஒரு சிறு கட்டி மட்டும் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குச் சோதனை "இல்லை" என்றே காட்டியது. இந்தியாவில் அப்படியானவர்கள்தான் அதிகம்.

*

இங்கேதான் வேலூர் வருகிறது. யாழ்ப்பாணத்தவருக்கு வேலூர் ஆஸ்பத்திரியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் ஒரு பழைய உறவு பலருக்குத் தெரியாது. 1820 இல் பண்டத்தரிப்பில் மருந்தகம் வைத்து எமது முன்னோருக்கு வைத்தியம் பார்த்தவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர். அவர் 1836 இல் மதராஸ் போனார். அவரின் பேத்தி ஐடா ஸ்கடர்தான் 1900 இல் வேலூரில் ஒரு கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கியவர். பண்டத்தரிப்பின் ஒரு வேர் வேலூரில் இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

1980 களில் இந்தியாவில் சி.ரி. ஸ்கான் பரவியபோது வைத்தியர்களுக்கு ஒரு புதிர். வலிப்போடு வரும் இளம் வயதினர் பலரின் மூளையில் ஒரே ஒரு சிறிய, வளையம் போன்ற கட்டி. அது காசநோய்க் கட்டி என்று பெரும்பாலானோர் முடிவுகட்டினார்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காசநோய் மாத்திரைகள் கொடுத்தார்கள். கட்டி மறைந்தது. மருந்து வேலை செய்தது என்று எழுதினார்கள். ஆனால் 1985 இல் தில்லியிலிருந்து ஒரு குழு, வலிப்பு மருந்து மட்டும் கொடுத்தாலும் கட்டி தானாக மறைகிறது என்று காட்டியது. காசநோய்க் கட்டி தானாக மறையுமா?

வேலூரில் மத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அடங்கிய குழு கட்டியையே அறுவைச் சிகிச்சை மூலம் எடுத்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றுக்குள் இருந்தது செத்துக்கொண்டிருக்கும் நாடாப்புழு நீர்ப்பை. 1989 இல் லான்செற் இதழில் இதை வெளியிட்டார்கள். பின்னர் 20 மில்லிமீற்றருக்கு மேற்படாத அளவு, மூளை அமுக்கம் கூடாமை போன்ற எளிய அளவுகோல்களை வகுத்தார்கள். எத்தனை பேர் தேவையற்ற மண்டை ஓட்டு அறுவையிலிருந்தும் தேவையற்ற காசநோய் மாத்திரைகளிலிருந்தும் தப்பினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதே ஆஸ்பத்திரியில் அன்னா உம்மனின் ஆய்வுகூடம், ஒற்றைக் கட்டி உள்ளவர்களின் இரத்தத்திலும் கண்டுபிடிக்கக்கூடிய அன்டிஜன்களைத் தேடி வருடக்கணக்கில் உழைத்தது.

2006 இல் வேலூர்க் குழு இன்னொரு கணக்கை வெளியிட்டது. வேலூர் மாவட்டத்தில் சுமார் 50,000 பேரை வீடு வீடாக விசாரித்தார்கள். ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட நாலு பேருக்கு வலிப்பு இருந்தது. ஸ்கானும் இரத்தச் சோதனையும் செய்தபோது அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்த நீர்ப்பைதான். இந்தியாவில் இந்த வருத்தம் வந்தவர்களில் பலர் வாழ்நாளில் பன்றி இறைச்சியைத் தொடாதவர்கள். சைவ உணவுக்காரர்களும் இருக்கிறார்கள்.

*

மாமிக்கு நாம் சொன்ன கதை நியூயோர்க்கில் நடந்தது. 1992 இல் வெளியானது. அங்கே பழைமை பேணும் யூதச் சமூகத்தில் நாலு பேருக்கு வலிப்பு. மூளையில் நாடாப்புழு நீர்ப்பை. எங்களைப் போலவே பன்றியைத் தொடாத சமூகம். வைத்தியர்கள் வீட்டாரின் இரத்தத்தை மேலே சொன்ன ஏழு கோட்டுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். இரண்டு வீடுகளைச் சேர்ந்த 17 உறவினரில் ஏழு பேருக்கு அன்டிபொடி இருந்தது. யாரும் பன்றி உண்ணவில்லை, ஆனால் முட்டை வீட்டுக்குள் வந்திருக்கிறது. தேடியபோது, புழு பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்த பெண்களில் ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது தெரிந்தது. அவருக்கே அது தெரியாது. குவைத்திலும் இதேபோல் அந்நாட்டவர் சிலருக்கு நீர்ப்பை வந்ததைப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை வாசித்து வேலைக்காரப் பெண்களைப் பழிக்கவேண்டாம். எமது ஊர்களிலிருந்து எத்தனை தாய்மார் வளைகுடா வீடுகளின் குசினிகளில் நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். குடலில் உள்ள புழுவைப் போக்க ஒருவேளை மருந்து போதும். மருந்து கொடுக்கவேண்டிய இடத்தில் பழி கொடுப்பது பாவம்.

*

சரி, அந்த ஐந்து வருடத் தாமதம்?

உயிரோடு இருக்கும் நீர்ப்பை மூளைக்குள் பெரும்பாலும் சத்தம் போடாமல் இருக்கும். உடலின் காவல் அதைக் கண்டுபிடிக்காதபடி பல தந்திரங்கள் செய்யும். அதன் அன்டிஜன்களில் ஒன்று, இரத்தத்தில் உள்ள காவல் புரதம் ஒன்றையே பிடித்துக் கட்டிப்போடும் என்று மெக்சிக்கோவிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டின. வருடங்கள் போய், புழு கிழடாகிச் சாகத் தொடங்கும்போது மறைப்பு கிழிகிறது. உள்ளே இருந்த அன்டிஜன்கள் வெளியே கசிகின்றன. உடல் அப்போதுதான் விழித்துக்கொண்டு பாய்கிறது. அந்த வீக்கத்தில்தான் பெரும்பாலும் வலிப்பு வருகிறது. உடல் வென்றபின் கட்டி மறைகிறது. தில்லியிலும் வேலூரிலும் தானாக மறைந்த கட்டிகளின் புதிர் இதுதான். சிப்பாய்களின் ஐந்து வருடக் கணக்கும் இதுதான்.

இதனால்தான் இன்று இரண்டு விதமான சோதனைகள் இருக்கின்றன. அன்டிபொடி சோதனை, இந்தப் புழு எப்போதாவது உன்னிடம் வந்ததா என்று கேட்கிறது. அன்டிஜன் சோதனை, உயிரோடு இப்போது இருக்கிறதா என்று கேட்கிறது. இரண்டும் வேறு கேள்விகள். பரீட்சையில் கேள்வியை வாசிக்காமல் விடை எழுதும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இங்கேயும் பொருந்தும்.

நோய் எதிர்ப்பின் நல்ல பக்கமும் உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுப் பருவத்தில் புழுவுக்கு இந்த மறைப்பு இன்னும் அமையவில்லை. அந்த வேளையில் பிடித்தால் உடல் அதை இலகுவாகக் கொன்றுவிடும். 1989 இல் அவுஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் செம்மறியாட்டு நாடாப்புழுவின் குஞ்சுப் பருவத்து அன்டிஜன் ஒன்றை ஆய்வுகூடத்தில் உருவாக்கி, ஆடுகளுக்குத் தடுப்பூசியாகக் கொடுத்து வென்றார்கள். அதே வழியில் மெல்பேர்னில் மார்ஷல் லைற்றவுளர்ஸ் குழு பன்றிகளுக்கான தடுப்பூசியைக் கண்டது. அது இன்று ஹைதராபாத்தில் தயாராகிறது. பன்றிக்கு ஊசி போட்டால் சங்கிலி அறுகிறது, காப்பாற்றப்படுவது மனிதர். பன்றியைத் தொடாத நாங்களும் அந்த மனிதருக்குள் அடக்கம். மனிதருக்கான தடுப்பூசி இன்னும் இல்லை.

1993 இலேயே உலக நிபுணர் குழு ஒன்று, இந்தப் புழு பூமியிலிருந்து ஒழிக்கக்கூடியது என்று சொல்லிவிட்டது. ஒழிப்புக்குத் தேவையானவை மலசலகூடம், சுத்தமான தண்ணீர், வெந்த இறைச்சி, கழுவிய கை, குடலில் புழு உள்ளவருக்கு மருந்து. இவற்றில் விண்வெளி விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஏழைக்கு எல்லாமே தூரம் என்பதுதான் சிக்கல்.

இதை எழுதும்போது எமக்கு எமது சிறுவயது ஞாபகம் வருகிறது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எமதும் ஒன்று. புத்தளம் முகாமில் வளர்ந்தோம். விடியக்காலை வாளியோடு மலசலகூட வரிசையில் நின்ற பிள்ளைகள் நாம். அங்கே எல்லோரும் ஹலால்தான் சாப்பிட்டோம். ஆனாலும் வயிற்றோட்டம் கொட்டிலுக்குக் கொட்டில் போனது. ஒழுச் செய்யத் தண்ணீரே இல்லாத இடத்தில் சுத்தம் ஈமானின் பாதி என்று சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. தண்ணீர் கொண்டுவந்து தரவேண்டும். உணவு விதி தன்னளவில் நல்லது. ஆனால் அடுத்த வீட்டுக்காரனுக்கு மலசலகூடம் இல்லையென்றால் எனது தட்டின் சுத்தம் பாதிச் சுத்தம்தான்.

*

அந்த மாணவியின் தகப்பனுக்கு இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "உங்கட சாப்பாட்டிலை பிழை இல்லை ஐயா. உங்கட பரம்பரையிலையும் பிழை இல்லை. வலிப்புக்கு நூறு காரணம் இருக்கு. மருந்தை விடாமல் குடுங்கோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கோ" என்றோம். பொம்பிளைப் பிள்ளை, வெளியில் தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் என்ன ஆவது என்று அவர் கேட்டார். அதற்கு எம்மிடம் அறிவியல் பதில் இல்லை. ஊர்தான் பதில் சொல்லவேண்டும்.

ஒரு தவணை முழுக்க அவள் வரவில்லை. இந்தத் தவணை வந்திருக்கிறாள். பெற்றோரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யாருக்காவது வலிப்பு வந்தால் திறப்பு, இரும்பு ஒன்றும் தேவையில்லை. வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். சுற்றியுள்ள கல், கதிரையை விலக்கி, இழுப்பு அடங்கியதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. அடங்கிய பிறகு "என்ன சாப்பிட்டனி?" என்று கேட்காமல், பக்கத்தில் இருந்து கொஞ்சம் தண்ணீர் குடிக்கும் நிலை வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தியத் துறை நண்பர்கள் பிழை கண்டால் கீழே எழுதுங்கள், திருத்துகிறோம். மற்றவர்கள் உங்கள் பாடசாலைக் குழுக்களில் பகிருங்கள்.